வலப்பக்கம் ஒரு சாண்

மனித நாகரிகம் நெருப்பின் மீதோ சக்கரத்தின் மீதோ எழும்பியதல்ல. துல்லியத்தின் மீது எழும்பியது. பிரமிடு, கடிகாரம், நிலவுக்குப் போன ராக்கெட் எல்லாமே துல்லியம் பெற்ற பிள்ளைகள். துல்லியம் இல்லாதவன் இன்னும் மரத்தை விட்டு இறங்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

லுபோஷின் துப்பாக்கிக் கடையில் இந்தப் பேருண்மையை அறிவித்த இன்ஜினியர் எவ்ஷென் மொதிச்கா, அதை நின்றுகொண்டே அறிவித்தார். லுபோஷ் இரண்டு தடவை நாற்காலியைக் காட்டினான். அவர் உட்காரவில்லை. உட்காரும் நிலையில் அவர் இல்லை.

முந்தைய நாள் யலோவ்கா வேட்டைக் கழகத்தின் காட்டுப்பன்றி வேட்டை நடந்திருந்தது. வேட்டை முடிந்த மாலை, மதுக்கடையில் நீதிமன்றம் கூடும். வக்கீல் உண்டு, சாட்சி உண்டு, கறுப்பு அங்கி மாட்டிய நீதிபதியும் உண்டு. கண்ணெதிரே வந்த பன்றியைத் தவறவிட்டவன், வேறு எவனோ சுட்ட பன்றியின் மேல் குப்புறப் படுக்க வேண்டும். வேட்டைக்கத்தியின் தட்டைப் பக்கத்தால் பின்புறத்தில் மூன்று அடி விழும். எல்லாம் விளையாட்டுக்குத்தான். ஆனால் நீதிபதி ஃபிலிபெக் தொழிலால் கசாப்புக்காரர். விளையாட்டாக ஓங்கி அவருக்குப் பழக்கமில்லை.

மொதிச்கா தொடர்ந்து மூன்றாவது வருஷமாகக் குப்புறப் படுத்திருந்தார்.

"தப்பு என் மேல இல்ல லுபோஷ். மாமனார் விட்டுட்டுப் போன அந்தப் பழைய துப்பாக்கி மேல. யாரோ ஒரு ஆள் பட்டறையில உட்கார்ந்து, சுருட்டு பிடிச்சுக்கிட்டே ராவினது. அதுல துல்லியம் எப்படி வரும்?"

"அருமையான துப்பாக்கியாச்சே சார் அது..."

"எனக்குத் தொழிற்சாலையில செஞ்சது வேணும். மெஷின் வெட்டினது, மெஷின் அளந்தது. மனுஷக் கையே படக்கூடாது."

இதைச் சொல்ல அவருக்குத் தகுதி இருந்தது. ஊறுகாய் ஜாடிகளுக்கு மூடி செய்யும் தொழிற்சாலையில் முப்பது வருஷம் தரக்கட்டுப்பாட்டு இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மொராவியாவில் எந்த வீட்டில் வெள்ளரிக்காய் ஜாடி 'டப்' என்று திறந்தாலும், அந்தச் சத்தத்தில் தனக்கும் பங்கு உண்டு என்று நினைப்பவர்.

லுபோஷ் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தான். "நூறு மீட்டர்ல மூணு தோட்டாவும் ஒரு நாணயத்துக்குள்ள விழும். கம்பெனி எழுதியே கொடுக்குது."

"எழுதியே கொடுக்குதா?" மொதிச்காவின் கண் கலங்கிவிட்டது. மூடிக் கம்பெனிகூட அப்படி எழுதிக் கொடுத்ததில்லை.

மேலே பொருத்தும் தொலைநோக்கியையும் சேர்த்து வாங்கினார். லுபோஷே சுட்டுப் பார்த்துக் குறியைச் சரிசெய்து கொடுத்தான். வீட்டுக்கு வந்ததும் மொதிச்கா முதல் வேலையாக, குறியை மாற்றும் திருகின் மேல் மனைவி யர்மிலாவின் சிவப்பு நகப்பூச்சை எடுத்துச் சீல் வைத்தார்.

"எவ்ஷென், என்ன பண்ணிட்டிருக்க?"

"இனிமே இதை ஒருத்தரும் தொட முடியாது."

"அது கல்யாணத்துக்குப் போறப்போ போட்டுக்கற பூச்சு!"

பனி உருகியதும் சுடுதளத்துக்குப் போனார். நூறு மீட்டரில் அட்டை. மூன்று தோட்டா. லுபோஷ் போய் அட்டையை எடுத்து வந்தான். மூன்று ஓட்டையும் அக்கம்பக்கமாக, சிநேகமாக இருந்தன. ஆனால் நடுப்புள்ளியிலிருந்து வலப்பக்கம் ஒரு சாண் தள்ளி இருந்தன.

"காற்று," என்றார் மொதிச்கா.

பக்கத்துக் கம்பத்தில் கழகத்தின் கொடி துவைத்துப் போட்ட துணிபோலத் தொங்கிக்கொண்டிருந்தது.

"சார், விசையை இழுக்கறதுக்கு ஒரு நொடி முன்னாடி உங்க தோள் லேசா..."

"என் தோளா? முப்பது வருஷம் அளவுகோல் பிடிச்ச தோள் இது!"

"சரி, விடுங்க. தோள் நல்ல தோள்தான். இந்தத் திருகை இருபது கிளிக் திருப்பினா குண்டு நேரா நடுவுல போய் விழும். அரை நிமிஷ வேலை."

மொதிச்கா அவனைப் புழுவைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "குண்டு தப்பாப் போகுதுன்னு குறியை நகர்த்தறதா? அது பொய்க்கணக்கு! மூடி சேரலன்னா ஜாடி வாயை அறுப்பீங்களா? துப்பாக்கியில குறை இருக்கு. மாத்திக் கொடு."

லுபோஷ் அதே துப்பாக்கியை எடுத்து, அதே மேஜையில் வைத்து மூன்று தடவை சுட்டான். நடுவில் ஒரே ஓட்டை விழுந்தது. அதில் ஒரு விரலை விட்டுக் காட்டினான்.

"உன் கைக்கு அது பழகிப்போச்சு," என்றார் மொதிச்கா. "துல்லியம்னா யார் கையிலயும் துல்லியமா இருக்கணும்."

வியாபாரி ஓர் அளவுக்கு மேல் வாதாடுவதில்லை. லுபோஷ் அதை அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொண்டு வேறொரு புதியதைக் கொடுத்தான். குழல் தடியானது, தொழிற்சாலையும் பெரியது. விலை வித்தியாசத்துக்காக மொதிச்காவின் மோட்டார் சைக்கிள் வீட்டை விட்டுப் போனது.

அந்தத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறியதில் அவருடைய முதுகு பிடித்துக்கொண்டது. படுத்த நிலையிலேயே சுட்டார். வலப்பக்கம் ஒரு சாண்.

கோடையில் பேத்திக்கு ஞானஸ்நானம். சம்பந்தி கேப்டன் ஹவ்ரானெக் வந்திருந்தார். இராணுவ பேண்டில் கிளாரினெட் வாசித்து ஓய்வு பெற்றவர்தான். ஆனாலும் கேப்டன் கேப்டன்தானே; மீசையும் அதற்குத் தக்கபடி இருந்தது.

கேக்கை வெட்டிக்கொண்டே கேட்டார். "சம்பந்தி, உங்க ஊர்ல குறி தப்பினா பின்னாடி அடிப்பாங்களாமே?"

"அடிப்பாங்க. குறி பார்க்கத் தெரியாத ஆளுங்களை."

"உங்களுக்கு விழுந்திருக்கா?"

"நானா?" மொதிச்கா சிரித்தார். "நான் வேடிக்கை பார்க்கற பக்கம்."

யர்மிலாவுக்குக் காபி புரையேறியது.

"அப்போ இந்த வருஷம் நானும் வரேன்," என்றார் கேப்டன். "உங்க பக்கத்துல உட்கார்ந்து பார்க்கணும்."

விருந்தினர் போனதும் யர்மிலா பாத்திரம் கழுவினாள். மொதிச்கா பின்னால் வந்து நின்றார்.

"சிரிக்காத யர்மிலா."

"நான் சிரிக்கலயே. உன் கால்சட்டைக்குள்ள ஒரு சின்னத் தலையணை தைச்சுக் கொடுக்கட்டுமான்னு யோசிக்கிறேன். சம்பந்தி முன்னாடி கத்தாம இருக்கலாம் பாரு."

அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போனது. கழகத்துக்காரர்கள் அடிக்கட்டும், சிரிக்கட்டும், அவர்கள் ஊர்க்காரர்கள். மகளைக் கொடுத்த வீட்டு மனிதர் பார்க்க, பன்றியின் மேல் குப்புறப் படுப்பதா? பேத்தியின் கல்யாணம் வரை அந்தக் கதை நடக்கும். கிளாரினெட்டோடு நடக்கும்.

குற்றம் தோட்டாவில் என்று முடிவு செய்து ஐந்து வகைத் தோட்டா வாங்கினார். ஐந்தும் ஒற்றுமையாக வலப்பக்கம் போயின. காதுமூடியில் என்று சந்தேகப்பட்டு அதைக் கழற்றிவிட்டுச் சுட்டார். இரண்டு நாள் தேவாலய மணி காதுக்குள்ளேயே அடித்தது. யர்மிலா சாப்பிடக் கூப்பிட்டது கேட்கவில்லை. அவள் இரண்டாம் தடவை கூப்பிடவும் இல்லை. சுடுதளமே சாய்ந்து கட்டப்பட்டிருக்கிறது என்று ரசமட்டம் வைத்து அளந்தார். அது மட்டமாக இருந்தது. அந்த ரசமட்டத்தையும் நம்ப முடியாது என்றார்.

இலையுதிர் காலத்தில் மூன்றாவது துப்பாக்கி வந்தது. இதற்காக அவர் தோட்டத்தில் வளர்த்த தேனீப் பெட்டிகள் அத்தனையும் விலைக்குப் போயின. வடக்கே பனிநாட்டில், மனிதர்களே அதிகம் இல்லாத தொழிற்சாலையில் செய்தது. லுபோஷ் குறியைச் சரிசெய்தான். மொதிச்கா நகப்பூச்சால் சீல் வைத்தார். இருவரும் சுடுதளத்துக்குப் போனார்கள்.

லுபோஷ் அட்டையைக் கொண்டுவந்து நீட்டினான். வலப்பக்கம். சாண்.

"சார், கெஞ்சிக் கேக்கறேன். இருபதே கிளிக்."

"லுபோஷ்," என்றார் மொதிச்கா, குரல் உடைந்து. "அப்படி ஜெயிக்கறதைவிட அடி வாங்கிச் சாகலாம்."

வேட்டை நாள் வந்தது. கேப்டன் முதல் நாளே வந்து தங்கியிருந்தார். விடிகாலையில் அவரே நிலவறைக்குப் போய், துப்பாக்கியை உறையோடு எடுத்துவந்து காரில் வைத்தார். பிறகு வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. சம்பந்திக்குப் பொறாமை என்று மொதிச்கா புரிந்துகொண்டார்.

அவர்களுக்கு ஒதுக்கியது ஒரு வெட்டவெளியின் ஓரம். எதிரே ஓக் மரக்காடு. தூரத்தில் நாய்கள் குரைத்தன, ஆட்கள் கத்தினார்கள், கட்டையால் மரத்தைத் தட்டினார்கள். பின்னால் மடக்கு நாற்காலியில் கேப்டன் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

திடீரென்று புதர் விலகியது. பீப்பாய்போல ஓர் ஆண் பன்றி வெளியே வந்து, வெட்டவெளியின் அந்தக் கோடியில் பக்கவாட்டில் நின்று காற்றை மோந்தது. சரியாகச் சுடுதள தூரம்.

மொதிச்கா குறுக்குக்கோட்டைப் பன்றியின் தோளுக்குப் பின்னால் வைத்தார். மூச்சை அடக்கினார். ஃபிலிபெக்கின் கத்தி கண்முன்னே வந்தது. விசையை இழுத்தார்.

பன்றி நின்ற இடத்திலேயே சாய்ந்தது.

அவரால் நம்ப முடியவில்லை. பின்னால் கேப்டனாலும் நம்ப முடியவில்லை. "விழுந்துடுச்சா?" என்றார் அவர் பயந்த குரலில், இரண்டு முறை.

குண்டு இதயத்தில் பாய்ந்திருந்தது. ஊதுகொம்பு ஊதினார்கள். ஃபிலிபெக் தொப்பியைக் கழற்றி, ஓக் கொப்பு ஒன்றைக் கத்தியின் மேல் வைத்து மொதிச்காவிடம் மரியாதையாக நீட்டினார். மூன்று வருஷமாக அவர் பின்புறம் மட்டுமே அறிந்த அதே கத்தி. மொதிச்கா கொப்பை எடுத்துத் தொப்பியில் செருகிக்கொண்டார். நடை மாறிவிட்டது.

மாலை மதுக்கடையில் குலாஷ் கறிக்குழம்பும் பீரும் பிளம் சாராயமும் ஓடின. பெண்களும் வந்திருந்தார்கள். நீதிபதி ஃபிலிபெக் அங்கியை மாட்டிக்கொண்டு மேஜையைத் தட்டினார்.

"இன்ஜினியர் மொதிச்கா, எழுந்திருங்க! உங்க மேல இந்த வருஷம் குற்றச்சாட்டே இல்ல. எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருக்கு. இன்னிக்கு வேட்டை ராஜா நீங்கதான்!"

கூடம் அதிர்ந்தது. மொதிச்கா எழுந்தார். துப்பாக்கியை இரு கையாலும் குழந்தையைப்போல ஏந்திக்கொண்டார்.

"நண்பர்களே, இது என் வெற்றி இல்ல. துல்லியத்தோட வெற்றி! தொழிற்சாலையோட வெற்றி! திருகைத் திருப்புங்க, குறியை நகர்த்துங்கன்னு எத்தனை பேர் சொன்னாங்க! பேர் சொல்ல விரும்பல, லுபோஷ் சொன்னான். நான் தொட்டேனா? இதோ பாருங்க, சீல் அப்படியே இருக்கு. குறியும் மனுஷனும் நேரா இருந்தா குண்டு நேராத்தான் போகும்!"

கைதட்டல் அடங்கியதும் நீதிபதி வழக்கப்படி கேட்டார். "இந்தத் தீர்ப்பு பத்தி யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?"

கேப்டன் ஹவ்ரானெக் எழுந்தார். மீசை தொங்கியிருந்தது.

"சம்பந்தி, மன்னிக்கணும். காலையில நிலவறையிலேர்ந்து எடுத்துட்டு வரும்போது இது என் கைநழுவிடுச்சு. படி படியா உருண்டு கடைசி வரைக்கும் போச்சு. தொலைநோக்கிதான் முதல்ல இடிச்சுது. காலையிலேர்ந்து சொல்லணும்னு பார்க்கறேன், வாய் வரல."

மொதிச்காவின் முகம் வெளுத்தது. ஒரு கணம்தான். பிறகு முன்பைவிடப் பெரிதாக மலர்ந்தது.

"கேட்டீங்களா!" என்று கத்தினார். "கருங்கல் படி! உருண்டிருக்கு! அதுக்கப்புறமும் ஒரு மயிரிழை நகரல! எங்க கிடைக்கும் இப்படி ஒரு துப்பாக்கி? சம்பந்தி, நீங்க தலைகுனியாதீங்க. நீங்கதான் இதுக்கு உண்மையான பரீட்சை வெச்சிருக்கீங்க!"

ஓடிப் போய்க் கேப்டனைக் கட்டிக்கொண்டார். கூடம் மறுபடி அதிர்ந்தது. யாரோ அழுதார்கள். பிளம் சாராயம் இன்னொரு சுற்று வந்தது.

யர்மிலா மட்டும் குலாஷ் தட்டைத் தள்ளிவைத்தாள். "லுபோஷ், சும்மா ஒரு தடவை பாரேன்."

லுபோஷ் துப்பாக்கியை வாங்கினான். குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டை உருவி வெளியே வைத்தான். ஜன்னலைத் திறந்து, விளிம்பில் இரண்டு தொப்பிகளை அடுக்கி, அதன் மேல் துப்பாக்கியைக் கிடத்தினான். சதுக்கத்தின் அந்தப் பக்கம், நூறு மீட்டர் தள்ளி, தேவாலய வாசலில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முதலில் வெறும் குழல் வழியாக விளக்கைப் பார்த்தான். பிறகு தொலைநோக்கி வழியாகப் பார்த்தான். பிறகு மறுபடி குழல் வழியாகப் பார்த்தான்.

"என்ன லுபோஷ்?" என்றார் வேட்டை ராஜா, கோப்பையை உயர்த்தியபடியே. "சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்!"

லுபோஷ் ஜன்னலைச் சாத்தினான்.

"இது இடப்பக்கம் ஒரு சாண் தள்ளிச் சுடுது, சார்."