பாலத்தில் தொங்கும் சிவப்பு அட்டை

தீவுத் தலைவர் என்றொரு இனம் உண்டு. கடலில் தேடாதீர்கள், அந்தத் தீவு கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. எந்தெந்த நாட்டுக்காரர்களோ பொம்மை உடம்பு மாட்டிக்கொண்டு வந்து, வீடு கட்டி, காதலித்து, சண்டை போட்டு, கல்யாணமும் செய்துகொள்ளும் அந்த மாய ஊரில், யாரும் கேட்காமலே பொறுப்பை எடுத்துத் தலையில் போட்டுக்கொள்கிறவர்தான் தலைவர். 2008-இல் வியாசர்பாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் ஒருவர் இருந்தார். பெயர் நீலமேகம். அனல்மின் நிலையத்தில் முப்பத்திரண்டு வருஷம் ஃபிட்டர். ஓய்வு பெற்ற மறுமாதமே தலைவர்.

அவரும் மகள் சங்கமித்ராவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, எலி கடித்த டெலிபோன் ஒயருக்கு டேப் சுற்றியது. நெட்வொர்க் என்ஜினியரான அவள் பிடித்தாள், அவர் சுற்றினார். அதற்கு முன் மோடம் சுவிட்சில், மின் நிலையத்துப் பழக்கப்படி, ஒரு சிவப்பு அட்டை மாட்டினார்: ‘ஆள் வேலை செய்கிறார். தொடாதே. நீலமேகம்.’

“நைனா, வூட்ல நாம ரெண்டு பேர்தான் கீறோம். யாருக்கு இந்த அட்டை?”

“மாட்னவன்தான் எடுக்கணும் கண்ணு. சீஃப் என்ஜினியரே வந்தாலும் தொடக்கூடாது. அட்டைய எட்த்தா இன்னா அர்த்தம்? உள்ள போனவன் முழுசா வெளிய வந்துட்டான்னு அர்த்தம்.”

தலைவரை எப்படி அடையாளம் காண்பது? தீவுக்கு ‘வியாசை’ என்று பெயர் வைத்திருப்பார். பொம்மைக்கு வயது இருபத்தைந்து, தலையில் சுருட்டை முடி, அதற்கு மேல் மஞ்சள் ஹெல்மெட். யாருமே விழ முடியாத ஊரில் படிக்குப் படி கைப்பிடி வைப்பார். எதுவுமே எரியாத ஊரில் மூலைக்கு மூலை மணல் வாளி தொங்கவிடுவார். எல்லாரும் பறக்கிற ஊரில் ‘நடந்து வரவும்’ என்று பலகை நடுவார். பறந்து வந்த பிரேசில்காரன் பாவ்லோவைக் கீழே இறக்கி, திட்டி, ‘சாப்ட்டியா’ என்று ஆங்கில எழுத்தில் விசாரித்து, அதற்கு அர்த்தமும் சொல்லிக்கொடுத்து, பதினொரு நாட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் மாமு என்று கூப்பிடும்வரை ஓயமாட்டார். அங்கே கல்யாணம் என்றால் ‘ரெண்டு பேருக்கும் சம்மதமா’ என்று மூன்று தரம் கேட்காமல் மாலை மாற்ற விடமாட்டார். கைம்மாறு? ஒருவன் அவர் பொம்மைக்கு ஒரு மீசை பரிசளித்தான். அவ்வளவுதான்.

“நைனா, அங்க எவனும் வுழ மாட்டான். இன்னாத்துக்குக் கைப்பிடி?”

“வுழறதுக்கு இன்னா, ஒரு செகண்டு.”

அந்த பாவ்லோவுக்கும் ஜெர்மனிக்காரி ஹெல்காவுக்கும் காதல். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், பாலத்துக்கு அந்தப் பக்கம் மண்டபம். பாலத்துக்குக் கைப்பிடி வேண்டாமா? வியாழக்கிழமை ஆறடிதான் பாக்கி. தலைவர் பாலத்தின் வாயில் சிவப்பு அட்டையை மாட்டினார். “மொளகாத்தூள் அரைச்சிகினு வந்துட்றேன்” என்று கிளம்பினார். மில் வரிசையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய கடவுச்சொல்லைப் போட்டு சங்கமித்ரா உள்ளே நுழைந்தாள். இரண்டு வரிச் செய்தி, அட்டையை எடுப்பது, கணக்கை மூடுவது. பத்து நிமிஷ வேலை என்று நினைத்திருந்தாள்.

பாலத்துக்கு இந்தப் பக்கம் நாற்பது பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். ஒருத்திக்கு முதுகில் இறக்கை இருந்தது. ஒருவன் நாய் உருவத்தில் வந்திருந்தான். ஓர் எம்பு எம்பினால் மண்டபம். ஒருவர்கூட எம்பவில்லை. இரண்டு ஞாயிறு கல்யாணம் தள்ளிப்போயிருந்தது.

“மாமு வந்தாச்சு!” பாவ்லோ குதித்தான். “மாமு, அட்டைய எடு!”

அவள் ஆங்கிலத்தில் தட்டினாள். நான் அவருடைய மகள். அப்பா இறந்துவிட்டார். அட்டையை நான் எடுத்துவிடுகிறேன்.

ஹெல்கா எழுதினாள்: “தொடாதே. மாட்டினவர்தான் எடுக்கணும்.”

“அப்போ கல்யாணம்?” என்று தட்டினாள் சங்கமித்ரா.

“இந்தப் பக்கமே நடக்கட்டும்.”

அவருடைய கணக்கு, அவருடைய பொம்மை. ஒரு க்ளிக் போதும். சங்கமித்ரா மவுஸை அட்டைவரை கொண்டுபோனாள். எடுத்தால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு அப்பா சொல்லிக்கொடுத்திருக்கிறார். கையை இழுத்துக்கொண்டாள்.

மணல் வாளிகளுக்கு நடுவில் பெண்ணும் மாப்பிள்ளையும் நின்றார்கள். மஞ்சள் ஹெல்மெட்டுக்குள் இருந்துகொண்டு அவள் மூன்று தரம் சம்மதம் கேட்டாள். பூ கொட்டியது. நாய் ஆடியது. குஷி தாங்காமல் இறக்கைக்காரி ஜிவ்வென்று மேலே எழும்ப, பொறியியல் படித்த சங்கமித்ராவின் விரல்கள் தாமாகவே தட்டின: ‘ஏய், எறங்கி நட! வுழுந்து தொலைப்ப!’

பார்த்தீர்களா, இந்த இனம் எப்படிப் பெருகுகிறது என்று? கணக்கை அவள் மூடவில்லை.

நீங்கள் அந்தப் பக்கம் போனால் பார்த்துப் போங்கள். பாலத்தின் வலது பக்கம் கடைசி ஆறடிக்கு இன்னும் கைப்பிடி இல்லை. ஆறடிதானே, நாமே போட்டுவிடலாமே என்று உங்கள் கை பரபரத்தால் நீங்களும் தலைவர்தான், சந்தேகமே வேண்டாம். ஆனால் அட்டை தொங்குகிறது. தொடாதீர்கள்.