பதினாறு சாவிகளும் கெர்னலும்

பழனிசெட்டிபட்டி,
வெள்ளி, மாலை 4.10

அன்புள்ள மருமகன் கிங்ஸ்லிக்கு, மாமன் மரிய ஜோசப் கைபேசியில் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் கல்யாண மண்டபத்தின் பதினாறு அறைகளும் நலம். அவற்றுக்குள் இருப்பவர்கள் நலமில்லை.

பெங்களூரில் உனக்கு என்ன வேலை என்று போன மாதம் கேட்டேன். கணினிக்குள் கெர்னல் என்றொரு நிர்வாகி இருக்கிறது, நினைவகத்தைப் பக்கம் பக்கமாக வெட்டி வைத்துக்கொண்டு, கேட்கிற நிரலுக்கெல்லாம் ‘உண்டு’ என்று சொல்லிவிடும், தொடும்போதுதான் பக்கத்தைக் கொடுக்கும், பாதிப் பேர் தொடவே மாட்டார்கள் என்றாய். நாளை காலை பத்து மணிக்கு என் மகள் பெனிட்டாவின் கல்யாணம். அறை கேட்ட குடும்பங்கள் முப்பத்தொன்று. நானும் எல்லாருக்கும் ‘உண்டு’ என்றேன். இன்று பதினொரு மணிக்குக் கடமலைக்குண்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டு பஸ் வந்தது. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கதவைத் தொட்டார்கள்.

இடம் போதாவிட்டால், சும்மா கிடப்பதை வெளியே மாற்றிவிட்டுத் தேவைப்படும்போது திரும்பக் கொண்டுவரலாம் என்றும் சொல்லியிருந்தாய். பஸ்ஸில் வந்த ஜெபராணி சாப்பிடப் போன நேரம் பார்த்து அவள் பெட்டியை எதிரேயுள்ள உரக் கிடங்குக்கு மாற்றினேன். வந்தவள் சேலை கேட்டாள். அவள் பெட்டியை உள்ளே கொண்டுவர ஜஸ்டின் பெட்டியை வெளியே எடுத்தேன், அவன் சவரக்கத்தி கேட்டான். மூன்று மணிவரை பெட்டிகள் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தன, வேறொரு வேலையும் நடக்கவில்லை.

முற்றிலும் இடமில்லையென்றால் அதிக இடம் பிடித்திருப்பவனைக் கெர்னல் தூக்கி வெளியே போட்டுவிடும் என்றாயே, அதையும் செய்தேன். மாப்பிள்ளையின் தாய்மாமன் ஆண்டனி ராஜிடம் மூன்று அறைகள். ஒன்றில் அவர், ஒன்றில் அவர் வேட்டி காய்ந்தது, ஒன்றில் பன்னீர் திராட்சைக் கூடை.

“ஏன்யா, எம்பெட்டி எதுக்கு ரோட்டுல கெடக்கு?”

“கெர்னல் முறைங்க.”

“அவுக எந்த ஊரு?”

“பெங்களூரு.”

“வந்து மன்னிப்புக் கேக்கச் சொல்லும். அதுவரைக்கும் இங்கனதான் உக்காந்திருப்பேன். எங்கக்கா மகனக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறவன் நானு. நான் எந்திரிக்காம அவன் எப்பிடிப் போறான்னு பாப்போம்!”

மாப்பிள்ளையும் மாமன் வராமல் வரமாட்டேன் என்கிறார். பெனிட்டா என்னோடு பேசவில்லை. “ஊருல எல்லாரும் பேரு எழுதி சாவி குடுக்காக, ஒங்களுக்கு மட்டும் கம்ப்யூட்டரு கேக்குதாக்கும்!” என்கிறாள் உன் அத்தை ஞானசெல்வி. உன் கெர்னல் ஒரு மோசடி. உடனே புறப்பட்டு வந்து ஆண்டனி ராஜ் காலில் விழு.

கல்யாணம் நடந்தால் உனக்கு என் ஆசீர்வாதம். நடக்காவிட்டால் ஆசீர்வாதத்தைப் பற்றி நேரில் பேசுவோம்.

இப்படிக்கு,
மாமன் மரிய ஜோசப்

பி.கு. (5.25): அவசரப்படாதே. ஆண்டனி ராஜிடம், கெர்னலே தன் அறையை உங்களுக்காக விட்டுக்கொடுத்துவிட்டார் என்றேன். “அவுகளே எந்திரிச்சுக் குடுத்தாகளா?” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். அது உனக்கென்று நான் பூட்டி வைத்திருந்த, மண்டபத்தை ஒட்டிய எங்கள் வீட்டு மாடியறை. நீதான் இன்னும் கதவைத் தொடவில்லையே. அருமையான முறை மருமகனே, நாளை குளித்துவிட்டு நேராகக் கோயிலுக்கு வந்துவிடு.