பெஞ்சின் மேல் ஐந்து ஜாடி எண்ணெய்

காலுமெட், மிச்சிகன்
ஜனவரி, பனி நின்ற ஒரு மத்தியானம்

மதிப்புக்குரிய மச்சான் உர்ஹோ அவர்களுக்கு,

உங்கள் தங்கை லெம்பியின் கணவன் ரெய்னோ வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்களும் எங்கள் கூரையும் இதுவரை நலம். அங்கே அரிசோனாவில் நீங்களும் உங்கள் கள்ளிச்செடிகளும் நலம்தானே? வெயிலைப் பற்றி எழுத வேண்டாம், லெம்பி படித்தால் என்னை முறைக்கிறாள்.

விஷயம், நீங்கள் ஊரைவிட்டுப் போகும்போது எனக்குக் கொடுத்துவிட்டுப் போன, பனி அள்ளி வீசும் ஸ்னோப்ளோயர் பற்றியது. "ஏப்ரல்லதான் எண்ணெய் மாத்தினேன், அதுக்கப்புறம் ஓட்டவே இல்ல. நீ கையை வச்சுத் தொலைக்காதே" என்று காரில் ஏறிக்கொண்டே சொன்னீர்கள். மறக்கவில்லை. ஆனால் இந்த வருஷப் பனியை நீங்கள் பார்க்கவில்லை மச்சான். ஏரியிலிருந்து எழுந்து வந்து, வேலியை விழுங்கி, தபால்பெட்டியை விழுங்கி, சவுனா நீராவிக்குளியல் வீட்டின் ஜன்னல்வரை ஏறிவிட்டது. அறுபத்தெட்டு வயசில் அதைப் பார்த்து வாய் பிளந்து நின்றேன். இதற்கு முன்னால் உங்கள் எண்ணெயை நம்பிப் போய் நிற்பதா? சரியானது எதுவென்று மெஷினோடு வந்த புத்தகத்தில் பார்க்கலாமென்றால், அதைக் கிழித்து நீங்கள் சவுனா அடுப்பு பற்றவைத்த நாளில் நானும் உள்ளேதான் உட்கார்ந்திருந்தேன். ஆகவே ஊரைக் கேட்டேன். கடைக்காரி 5W-30 என்ற ரகம் போதும் என்றாள். காபி குடிக்க வந்தவர்களில் ஒருவர், சின்த்தெடிக் என்ற செயற்கை எண்ணெய் இல்லாவிட்டால் எஞ்சின் ஒரே வாரத்தில் போய்விடும் என்றார். இன்னொருவர் டப்பாவில் முதல் எண் எவ்வளவு சின்னதோ அவ்வளவு குளிரிலும் எண்ணெய் ஓடும், பூஜ்யம் போட்டதை வாங்கு என்றார். அவருடைய தம்பி, இருபது வருஷமாகக் கோடைக்கு ஊற்றுவதையே குளிருக்கும் ஊற்றுகிறேன், எனக்கு என்ன குறைந்துபோயிற்று என்றார். அவருக்குக் குறைந்துபோனது பக்கத்திலிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. நாலையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நம் ஊரில் எப்படிச் சோதிப்போம் என்று உங்களுக்குத் தெரியும். நாலையும் ஊறுகாய் ஜாடிகளில் ஊற்றி, பெயர் எழுதி ஒட்டி, முற்றத்துப் பெஞ்சில் வரிசையாக வைத்தேன். ராத்திரிக் குளிரில் எது கெட்டிப்படாமல் ஓடுகிறதோ அதுவே சரி. மெஷினிலிருந்த உங்கள் எண்ணெயையும் வடித்து, அது தோற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசையில், ஐந்தாவது ஜாடியாகக் கடைசியில் வைத்தேன். மிச்சம் டப்பாவில் இருந்ததை எல்லாம் காருக்கு ஊற்றிவிட்டேன். எவ்வளவு ஒழுங்கான மனுஷன் பாருங்கள்.

விடிந்தபோது பெஞ்சு இல்லை. ராத்திரி கூரைப் பனி மொத்தமும் சரிந்து முற்றத்தில் விழுந்திருக்கிறது. அதற்கு மேல் வானமும் தன் பங்குக்குக் கொட்டியிருக்கிறது. பனியை அள்ள மெஷின் வேண்டும், மெஷினுக்கு எண்ணெய் வேண்டும், எண்ணெய் பனிக்கு அடியில் இருக்கிறது. இதை நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதுதான், பிரசவத்துக்காக வந்திருந்த நம் கைசா சமையலறையிலிருந்து, "அப்பா, ஆரம்பிச்சிடுச்சு" என்றாள். நான் பனி ஆரம்பித்துவிட்டதாக நினைத்து, "அது நேத்தே ஆரம்பிச்சிடுச்சும்மா" என்றேன். லெம்பி என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுத மாட்டேன்.

மாப்பிள்ளை டென்சில், கவுண்டி நிர்வாகத்துக்காகச் சாலைப் பனி தள்ளும் லாரி ஓட்டுபவன் என்பது தெரியுமே. போன் செய்ததும் லாரியோடு வந்துவிட்டான். வரும்போது வழக்கம்போலச் சாலைப் பனியை எல்லாம் நம் வாசல் வாயில் ஆளுயரச் சுவராகத் தள்ளிவிட்டான், கை பழக்கம்! தனியார் இடத்துக்குள் லாரி வரக் கூடாது என்று சட்டம். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தலையைப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

"மாமா! மெஷினைக் கிளப்புங்க!"

"எண்ணெய் இல்லப்பா!"

"உர்ஹோ மாமா நல்ல எண்ணெய் போட்டுத்தானே குடுத்தாரு?"

"வடிச்சிட்டேன்!"

லாரிப் படியில் ஏறிச் சுவருக்கு மேலே தலையை நீட்டினான். பிறகு, "ஏன் மாமா?" என்று மெதுவாகக் கேட்டான்.

லெம்பி கோட்டை மாட்டிக்கொண்டு, அகலமான தள்ளுவாரியை எடுத்துக்கொண்டு, கைசா மூச்சு விடும் தாளத்துக்கே பனியைத் தள்ள ஆரம்பித்தாள். "ஏங்க, பராக்குப் பாக்காதீங்க. பனிச்சறுக்குக் கம்பை எடுத்துக் குத்திப் பாருங்க" என்றாள். குத்தினேன். முழங்காலிட்டுக் குத்தியபோது 'டிங்' என்றது. தோண்டினால் ஒரே ஒரு ஜாடி, பெஞ்சிலிருந்து உருண்டது. பெயர்க் காகிதத்தைக் காணோம், ஈரத்தில் கழன்றுபோயிருக்கும் என்று நினைத்தேன். சாய்த்துப் பார்த்தேன். அந்தக் குளிரில் தேன் நிறத்தில் தண்ணீராக ஓடியது! பூஜ்யம் போட்ட எண்ணெயேதான், சந்தேகமே இல்லை. ஊற்றினேன், கயிற்றை ஒரே ஒரு தடவை இழுத்தேன்.

உறுமிக்கொண்டு கிளம்பியது. பனி பிர்ச் மரத்துக்கு மேலே போய், வெயிலில் மின்னிக்கொண்டு அந்தப் பக்கம் விழுந்தது. எத்தனையோ வருஷம் பார்த்த காட்சிதான், ஆனாலும் கண் கலங்கிவிட்டது. சுவர் உடைந்தது. டென்சில் கைசாவைத் தூக்கி லாரியில் உட்காரவைத்தான். மஞ்சள் விளக்கு சுழல, முன்னால் பனியை இரண்டாகப் பிளந்துகொண்டு, தன் பிள்ளைக்குத் தானே சாலை போட்டுக்கொண்டு அவள் ஆஸ்பத்திரிக்குப் போன அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ராணிகூட அப்படிப் போயிருக்க மாட்டாள்.

ஆண் குழந்தை. இருவரும் சுகம். என் விரலைப் பிடித்தான், விடவில்லை. அவ்வளவு சின்னக் கைக்கு அந்த வலு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. வழி திறந்தது தாத்தாவின் எண்ணெய்தான் என்று, பெயர் வைக்கும் உரிமையை எனக்கே கொடுத்துவிட்டார்கள். அடக்கத்தோடு 'ரெய்னோ' என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். இனி எண்ணெய் விஷயத்தில் சந்தேகம் வந்தால் தயங்காமல் எனக்கு எழுதுங்கள்.

பேரனுக்கு உங்கள் ஆசி வந்து சேரட்டும். கள்ளிச்செடிகளுக்கு என் விசாரிப்பு.

இப்படிக்கு,
ரெய்னோ

பி.கு.: தபால்பெட்டியைத் தேடி மெஷினை முற்றத்துப் பக்கம் ஓட்டினேன். பெஞ்சு வெளியே வந்தது. அதன் மேல் நாலு ஜாடியும் வரிசையாக, என் கையெழுத்தில் ஒட்டிய பெயர்களோடு அப்படியே நிற்கின்றன. உங்கள் ஜாடிக்கு எதற்குப் பெயர் என்று ஒட்டாமல் விட்டது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. லெம்பி ஜாடிகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நேரே உள்ளே போய்ப் பாதிரியாருக்குப் போன் செய்தாள். குழந்தையின் பெயர் உர்ஹோ. மூக்கு மட்டும் என்னுடையது, அதை யாரும் மாற்ற முடியாது.