மதுரைக்காக மலையேறிய நூத்தியொண்ணு

நெருப்பின் மேல் 'நூத்தியொண்ணு' அண்ணன் வைத்திருந்த பகையை நான் பங்காளிச் சண்டையில்கூடப் பார்த்ததில்லை. தீயணைப்புத் துறையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தீப்பிடித்தால் போனில் அழைக்கும் எண்ணையே பழனிசெட்டிபட்டியில் எங்கள் தெரு அவருக்குப் பெயராக வைத்துவிட்டது. சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

கார்த்திகைக்கு வாசலில் விளக்கு வைத்தால் ஒரு வாளி மணலோடு வந்து பக்கத்தில் நிற்பார். எதிர்வீட்டுப் பாப்பா பிறந்தநாள் மெழுகுவத்தியை ஊதுவதற்குள் இவரே ஈரத்துண்டைப் போட்டு அணைத்துவிட்டார், கேக்கோடு சேர்த்து. பாப்பா ஊரைக் கூட்டி அழுதாள்.

"அழுகட்டும் தம்பி. தீப்புண்ணுக்கு அழுகறதுக்கு இது தேவல" என்றார் என்னிடம்.

போன சித்திரையில் ஒருநாள் தலையில் கை வைத்துக்கொண்டு வந்தார்.

"எம் மகளுக்கு மதுரைக்கு மாத்தலாயிருச்சு தம்பி. கைப்பிள்ளையோட மாசி வீதிக்கிட்ட வீடு பாத்துட்டாக."

"நல்லதுதானண்ணே?"

"என்னத்த நல்லது? ஏற்கெனவே ஒரு தடவ எரிஞ்ச ஊருப்பா அது!"

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. புருஷனை அநியாயமாகக் கொன்ற ஊரை எரித்துவிட்டு, வைகைக் கரையோரமாகவே நடந்து வந்து எங்கள் பக்கத்து மலையுச்சியில் நின்றவள் மங்கலதேவி. அவளிடம் நேரில் பேசி ஒரு உத்தரவாதம் வாங்காமல் பேத்தியை அனுப்ப மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். அந்தக் கோயிலுக்கு வருஷத்தில் ஒரே நாள், சித்ரா பௌர்ணமிக்குத்தான் ஆள் விடுவார்கள். மதியத்துக்கு மேல் யாரையும் ஏறவிட மாட்டார்கள். மகள் கிளம்புவதோ அதற்கடுத்த வாரம். சரி, நானும் வருகிறேன் என்று மாட்டிக்கொண்டேன்.

மலையடியில் இருக்கும் லோயர் கேம்ப்பைத் தாண்டிக் காட்டுவழியில் காலையிலேயே நடக்கத் தொடங்கினோம். வெயிலில் புல்லெல்லாம் காய்ந்து கிடந்தது. ஜனங்கள் அம்மனை நினைத்து நடந்தார்கள். இவர் தரையைப் பார்த்து நடந்தார். ஓரிடத்தில் பீடித் துண்டு ஒன்று கிடைத்தது. தண்ணீர் ஊற்றினார், மிதித்தார், எடுத்து மோந்தும் பார்த்தார்.

"நேரமாச்சுண்ணே, மேல விட மாட்டாக."

"செத்த இரு தம்பி. உள்ள கங்கு இருக்கும்."

அது போன வருஷத்துப் பீடி.

கூட நடந்த கம்பம் ஊர்க்காரர் ஒருவர் விஷயத்தைக் கேட்டு இரக்கப்பட்டார். "பயப்படாதீகண்ணே. பிள்ளைகள, வயசானவுகள, பசுமாட்டத் தொடக்கூடாதுன்னு சொல்லித்தான் ஆத்தா தீய ஏவுனா."

அண்ணன் நின்றுவிட்டார். "தீக்குக் கண்ணு ஏதுங்க? முப்பது வருசம் பக்கத்துல நின்னு பாத்தவன் நான். அது யாரு சொல்லியும் கேட்டதில்ல."

சொல்லிவிட்டு மறுபடி தரையைப் பார்த்து நடந்தார். அதற்கப்புறம் எனக்குக் கேலி பேச வரவில்லை.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் மேலே போய்ச் சேர்ந்தோம். கோயில் சேர மன்னன் கட்டியது என்பார்கள். பின்னால் வந்த ராஜாக்களின் எழுத்தும் கல்லில் இருக்கிறது. பாதி இடிந்த கருங்கல் சந்நிதிகளுக்கு நடுவே அம்மன் சந்தனக் காப்பில் இருந்தாள். ஒருபுறம் கேரளத்துக் காடு, மறுபுறம் கீழே எங்கள் வயல்கள். இத்தனை காலத்துக் கல்லைப் பார்த்து நான் தடவிப் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்துக் கேட்டார்:

"வெளிய போக வழி ஒண்ணுதானா தம்பி?"

எங்கள் முறை வந்தது. பூசாரி சூடத்தட்டை நீட்டினார். முன்னால் நின்ற பெண், இடுப்பில் குழந்தையோடு எட்டிக் கும்பிட்டாள். குழந்தையின் கவுன் தட்டுப் பக்கம் போனது. அவ்வளவுதான், அண்ணனின் ஈரத்துண்டு 'சொத்'தென்று தட்டில் விழுந்தது. ஆத்தாளின் சூடம் அணைந்துபோனது.

"ஏலே, யாருடா அது? அபசகுனமா!" என்று கூட்டம் கத்தியது. ஊரையே எரித்தவள் முகத்துக்கு நேரே இப்படிச் செய்த ஆள் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். பூசாரி கோபமாகத்தான் பார்த்தார். பிறகு குழந்தையின் கவுனைத் தூக்கிப் பார்த்தார். ஓரத்தில் காசளவு கருகியிருந்தது. புதுச் சூடம் ஏற்றி, முதலில் அண்ணனிடம் நீட்டினார். அண்ணன் கண்கலங்கி நின்றார்.

பாதிமலை இறங்கியதும், "நல்லா வேண்டிக்கிட்டீகளாண்ணே?" என்றேன்.

திடுக்கிட்டு நின்றார். "அய்யய்யோ, மறந்துட்டேன் தம்பி! அந்தப் பிள்ளையவே பாத்துக்கிட்டு நின்னுட்டேன்!"

இனி மேலே விட மாட்டார்கள். ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். நான் பதறினேன். அவர் ஒரு பாறையில் உட்கார்ந்து யோசித்தார். பிறகு வேட்டியைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"ஆத்தாளுக்கு ஆயிரம் சோலி. நானே மதுரைக்குப் போயி பேத்திகூட இருந்துக்கிறேன்."

அடுத்த வாரமே மகளோடு போய்விட்டார். மதுரைக்கு இனி ஒன்றும் ஆகாது. எங்களைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை.