அது கொள்ளு இல்லை, தம்பி

பல்லடம், நம் ஊடு
கார்த்திகை, வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பி அருள்குமாருக்கு,

அண்ணன் சுப்பண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அண்ணி நாச்சியம்மாள், எருமை, எருமைக் கன்று எல்லாரும் சுகம். சரவணம்பட்டியில் நீ, லோகப்பிரியா, குழந்தை ரித்திகா மூவரும் அதே மாதிரி சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம் நாலு ஏக்கர் காடு மட்டும் சுகமில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கையில் போனை வைத்துக்கொண்டு அண்ணன் எதற்குக் காகிதத்தைத் தேடினான் என்று நீ நினைப்பாய். போனில் சொல்ல மூன்று தடவை பார்த்தேன். முதல் தடவை நீ மீட்டிங்கில் இருந்தாய். இரண்டாம் தடவை ஸ்பீக்கரில் போட்டுவிட்டாய், ரித்திகா, "பெரியப்பா, கன்னுக்குட்டிக்குப் பேரு வெச்சாச்சா?" என்று கேட்டாள், கால்மணி நேரம் எல்லாரும் சேர்ந்து கன்றுக்குப் பேர் தேடினோம். மூன்றாம் தடவை நீயே எடுத்து, "சொல்லுங்கண்ணா" என்றாய். அந்தக் குரலைக் கேட்டதும், "சும்மாதான் கண்ணு, அங்க மழையா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். கடிதம் என்றால் குறுக்கே யாரும் பேச மாட்டார்கள்.

விஷயம் இதுதான். போன வாரம் உன் அண்ணி கன்றைப் படமெடுத்து ஸ்டேட்டஸ் வைத்தாள் அல்லவா, அதில் கன்றுக்குப் பின்னால் காடு பச்சைப்பசேல் என்று தெரிந்ததைப் பார்த்துவிட்டு, "கொள்ளு சூப்பரா வந்திருக்குதுங்கண்ணா" என்று நீ எனக்கு மெசேஜ் போட்டாய். நான் பதிலுக்குக் கைகூப்புகிற பொம்மையைப் போட்டேன். தம்பி, அது கொள்ளு இல்லை. வேலிக்காத்தான். ஆவணியில் வேரோடு தோண்டி எறிந்தோமே, அதே சீமைக்கருவேல முள்தான், நாலு ஏக்கருக்கும் விரல் உயரத்துக்கு முளைத்து நிற்கிறது. நான் போட்ட பொம்மை பொய். அறுபத்திரண்டு வயதில் உன்னிடம் சொன்ன முதல் பொய், அதையும் வாயால் சொல்லத் துப்பில்லாமல் பொம்மையாகச் சொல்லியிருக்கிறேன்.

உன்னையும் குற்றம் சொல்ல முடியாது. இருபது வருஷம் ஏசி ரூமில் உட்கார்ந்தவனுக்குக் கொள்ளு இலை எது, முள் இலை எது என்று எப்படித் தெரியும்? பச்சையாக இருந்தால் உனக்கு எல்லாம் வெள்ளாமை.

ஆடி நோம்பிக்கு வந்தபோது நீ பேசியது எனக்கு ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது. காடு பத்து வருஷமாக முள் மண்டிக் கிடக்கிறது, சைட்டுப் போடுகிறவர்கள் வந்து வந்து கேட்கிறார்கள், கொடுத்துவிடலாம் என்றாய். நான் மோரைக் குடித்துக்கொண்டிருந்தேன். டம்ளரில் மோர் தீர்ந்த பிறகும் குடித்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்துத்தானோ என்னவோ நீயே, "சரிங்கண்ணா, தை வரைக்கும் பாக்கலாம். முள்ளு போயி வெள்ளாமை நின்னுதுன்னா விக்க வேண்டாம். இல்லைன்னா கையெழுத்துப் போட்ரலாம்" என்றாய். நியாயமான பேச்சு. உன் பங்கும் அதில் பாதி. முள் வந்ததற்கும் நாம் இரண்டு பேருமே காரணம்; நான் தறி ஓட்டப் போனேன், நீ கம்ப்யூட்டருக்குப் போனாய், காட்டில் யாரும் இல்லை என்று அது வந்து உட்கார்ந்துகொண்டது.

அன்றைக்கே ஆரம்பித்தேன். முதலில் ஆள் வைத்து வெட்டினேன். அது தப்பு. ஒன்றை வெட்டினால் அடியிலிருந்து ஏழு கிளம்பியது. அப்புறம்தான் ஜேசிபி வைத்து வேரோடு தோண்டியது. அந்த டிரைவர் தம்பி, "ஏனுங்க, வேரு கெணத்துக்கே தண்ணி குடிக்கப் போயிருக்குமாட்ட இருக்குதுங்க" என்றான். டிராக்டர் டயர் இரண்டு தடவை பஞ்சர். எனக்கு ஒரு தடவை. செருப்பையும் தாண்டிக் குதிகாலில் ஏறி, எட்டு நாள் நொண்டினேன். ஆனால் ஒரு மரம் விடவில்லை. செம்மண் வெறுமனே கிடந்ததைப் படமெடுத்து அனுப்பினேன், நீ கூட, "கிரிக்கெட் கிரவுண்டாட்ட இருக்குதுங்கண்ணா" என்றாய். அன்றைக்கு நான் இரண்டு டீ குடித்தேன், அவ்வளவு சந்தோஷம்.

அத்தோடு நின்றிருக்கலாம். பத்து வருஷம் சாரமில்லாமல் கிடந்த மண்ணாயிற்றே, எரு போட வேண்டாமா? உன் அண்ணி, "கோழி எரு போடுங்க. கோழிப்பண்ணை நெறஞ்ச பல்லடத்துல இருந்துக்கிட்டு எருவுக்கு யாராச்சும் யோசிப்பாங்களா? போன் பண்ணுனா ஒரு லோடு வாசல்ல வந்து கொட்டுவாங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "கோழி எருவா? நம்ம காட்டுக்கா? எங்கப்பன் இந்தக் காட்டுக்கு ஆட்டுப்பட்டியத் தவிர ஒண்ணும் போட்டதில்ல" என்று ஒரே போடாகப் போட்டேன். அவள் அதற்குமேல் பேசவில்லை. அவள் பேசாமல் போனால் அதற்கு என்ன அர்த்தம் என்று நாற்பது வருஷமாகத் தெரிந்தும் எனக்கு உறைக்கவில்லை.

தாராபுரம் பக்கமிருந்து திருமூர்த்தி என்று ஒருவர், இருநூறு செம்மறி வைத்திருக்கிறார். புரட்டாசியில் அவரைப் பிடித்துப் பட்டி போடச் சொன்னேன். பகலில் ஆடு வெளியே மேயும், பொழுது சாய்ந்தால் நம் காட்டில் வலை கட்டி அடைத்துவிடுவார், விடிந்தால் தரை முழுக்கப் புழுக்கை. தினமும் வலையை இடம் மாற்றிக் கட்டுவார். ஏழு நாளைக்கு என்று பேசினேன். புழுக்கை விழுந்த அழகைப் பார்த்து மனசு கேட்காமல் பத்து நாளாக்கினேன். உன் அண்ணியை அரிசிம்பருப்புச் சோறு ஆக்கச் சொல்லி, நெய் ஊற்றி, நானே கொண்டுபோய் அவருக்குக் கொடுத்தேன். அப்போதுதான் கேட்டேன்.

"ஏனுங்க திருமூர்த்தி, இந்த வெயில்ல ஊருல இருக்கற ஆடெல்லாம் எலும்புந் தோலுமா கெடக்குது. உங்க ஆடு மட்டும் இப்படிக் கொழுகொழுன்னு இருக்குதுங்களே, என்னத்த மேய்க்கறீங்க?"

"எல்லாம் உங்கூர்க் குட்டையில கெடக்கற வேலிக்காத்தான் காய்தானுங்க. நல்ல இனிப்புங்க, ஆடு ஒண்ணக்கூட வுடறதில்ல. பகலெல்லாம் வவுறு முட்டத் தின்னுபோட்டு, பொழுதோட உங்க காட்டுல வந்து படுத்துக்குதுங்க."

"ரொம்ப நல்லதுங்க" என்றேன். தம்பி, நான் வாயாரச் சொன்னேன், ரொம்ப நல்லதுங்க என்று. இன்னொரு கரண்டி நெய்யும் ஊற்றினேன்.

அப்புறம் ரோட்டவேட்டர் விட்டு அத்தனை புழுக்கையையும் மண்ணோடு கலந்து, மேலே கொள்ளு விதைத்தேன். ஐப்பசி மழை நல்ல மழை. எட்டாம் நாள் முளைத்தது பார், நிலமே தெரியவில்லை. நான் விதைத்தது போல மூன்று பங்கு முளைத்திருந்தது. ஆட்டெருவின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன். டீக்கடையில் போய், "கோழி எருவெல்லாம் என்னங்க எரு?" என்று வாய் ஓயாமல் பேசினேன். இரண்டு பேர் திருமூர்த்தியின் நம்பரைக் கூட வாங்கிக்கொண்டார்கள். அவர்களிடம் இன்னும் என்ன சொல்வது என்று தெரியவில்லை, அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போய்க்கொண்டிருக்கிறேன்.

கண்டுபிடித்தது எருமை. வரப்போரம் நின்றது, எட்டி ஒரு வாய் கடித்தது, துப்பிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தது. கொள்ளுச் செடியை எருமை துப்பி நான் பார்த்ததில்லை. குனிந்து ஒன்றைப் பிடுங்கிக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். பொடிப்பொடி இலை, இரண்டு பக்கமும் வரிசையாக. அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். திருமூர்த்திக்குப் போன் போட்டால், "ஆமாங்க, அது அப்படித்தானுங்க. ஆட்டு வவுத்துல காய்தான் கரையும், கொட்டை முழுசா வெளிய வந்துருமுங்க. நீங்க கேக்கவே இல்லீங்களே?" என்கிறார். நான் கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் நெய் ஊற்றினேன். ஜேசிபி வைத்து முந்நூறு மரத்தைப் பிடுங்கிவிட்டு, சோறு போட்டு ஆள் வைத்து லட்சம் மரத்தை நட்டிருக்கிறேன். கொள்ளும் முளைத்திருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. தேடினால் கிடைக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கன்று ஸ்டேட்டஸுக்கு அப்புறம், நீ திடீரென்று காரில் வந்து இறங்கிவிட்டால் என்ன செய்வது என்று, ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற அளவுக்கு மட்டும் முள்ளைப் பிடுங்கிவிட்டுக் கொள்ளுச் செடியை விட்டு வைத்தேன். ஐந்து நாள் வேலை. ஆறாம் நாள் ரோட்டில் நின்று பார்த்தேன், அருமையாக இருந்தது. பார்த்த பிறகு வெட்கமாக இருந்தது. அன்றைக்குத்தான் பேனா தேடினேன்.

ஆனால் அந்த ஐந்து நாளில் ஒன்று தெரிந்துகொண்டேன் தம்பி. இப்போது மண் ஈரமாக இருக்கிறது, இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் வேரோடு வருகிறது. இன்னும் ஒரு மாதம் போனால் வேர் கீழே இறங்கிவிடும், அப்புறம் மறுபடியும் ஜேசிபிதான். நான் ஒருத்தன் குனிந்து குனிந்து பிடுங்கினால் தைக்குள் ஒரு ஏக்கர் தாண்டாது. ஆக, நீ வைத்த கெடுவில் நான் தோற்றுவிட்டேன். விற்றுவிடலாம் என்று நீ சொன்னால் வந்து கையெழுத்துப் போடுகிறேன், முகம் சுளிக்க மாட்டேன். ஆனால் உன்னிடம் மறைக்காமல் ஒன்று சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. தறி ஓட்டினேன், அந்தச் சத்தத்தில் காது போனதுதான் மிச்சம். இந்த நாலு மாதமாகத்தான் காலையில் எழுந்தால் போவதற்கு ஓரிடம் இருக்கிறது. முள்ளோடு சண்டை போடுவதற்காவது போகிறேன். அதுவும் இல்லையென்றால் காலையில் எழுந்து நான் எங்கே போவேன் என்று எனக்குத் தெரியவில்லை. இதைப் போனில் சொல்லியிருக்க முடியாது.

உனக்கும் லோகப்பிரியாவுக்கும் உடம்பும் உத்தியோகமும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கட்டும். குழந்தை ரித்திகாவுக்குப் பெரியப்பாவின் ஆயிரம் முத்தம். கன்றுக்கு இன்னும் பேர் வைக்கவில்லை, அவள் சொல்வதையே வைக்கலாம். கொள்ளு என்று மட்டும் வேண்டாம்.

உன் அண்ணன்,
சுப்பண்ணன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போனபோது உன் அண்ணி வந்து, நாலு நாளாக என்னத்தை எழுதுகிறீர்கள் என்று பிடுங்கிப் படித்துவிட்டாள். படித்தவள் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கோபமான கோபம். அப்புறம்தான் சொல்கிறாள்: "இதத் தம்பி அன்னைக்கே கேட்டுப்போட்டாருங்க. ஸ்டேட்டஸப் பாத்த பத்தாவது நிமிசம் போன் பண்ணி, ‘அண்ணி, அது வேலிக்காத்தான்தானுங்க? நான் கொள்ளுன்னு போட்டு வெச்சிருக்கறேன், அண்ணன் என்ன சொல்றாருன்னு பாக்கலாம்’னாரு. நீங்க கும்புடு போட்டீங்க. அதப் பாத்துட்டு அவரு சிரிக்கவே இல்லீங்க. ‘எங்கண்ணன் பொய் சொல்லி நான் பாத்ததே இல்லீங்க அண்ணி. அவரையே பொய் சொல்ல வெக்கிற காட்ட நான் எப்படீங்க விக்கறது’ன்னாரு. சைட்டுக்காரங்களுக்கு அன்னைக்கே வேண்டாம்னு சொல்லிட்டாராமா. இந்த ஞாயித்துக்கெழம நாலு நாள் லீவு போட்டுட்டு மூணு பேரும் முள்ளுப் புடுங்க வாராங்க. நீங்களே வாயத் தொறந்து சொல்றீங்களான்னு பாக்கத்தான் நான் சும்மா இருந்தேன்." இதற்கு நடுவில் ஒரு லோடு கோழி எருவுக்கும் சொல்லி வைத்திருக்கிறாள்.

ஏசி ரூமைப் பற்றி மேலே எழுதியதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன், காகிதம் அசிங்கமாகிவிடும் என்று விட்டுவிட்டேன். இதைத் தபாலில் போட்டாலும் நீ அங்கிருந்து கிளம்புவதற்குள் வந்து சேராது, அதனால் ஞாயிற்றுக்கிழமை கையிலேயே தருகிறேன். இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன் கண்ணு, படிக்கும்போது ஒன்றுமே தெரியாதவன் மாதிரி கொஞ்சம் அதிர்ச்சியாகு. லோகப்பிரியாவிடமும் சொல்லிவை. காட்டுக்குள் இறங்கும்போது எல்லாரும் கெட்டிச் செருப்பாகப் போட்டுக்கொண்டு வாருங்கள்.