மாப்பிள்ளை மூடிய கிணறு

என் கல்யாணத்துக்கு வந்தவர்களில் ஒருவருக்குக்கூட மணப்பெண் உடுத்தியிருந்த புடவையின் நிறம் ஞாபகம் இல்லை. கேட்டுப் பார்த்துவிட்டேன். ஆனால் அன்று தண்ணீருக்குப் பட்ட பாட்டை எல்லோரும் ஒரு குடம் குறையாமல் சொல்வார்கள். அந்தப் பாட்டுக்குக் காரணம் வறட்சி இல்லை. நான்தான். எழுத்து மூலமாகவே ஒப்புக்கொண்டுவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன் (ஒப்புக்கொள்ளாவிட்டால் மட்டும் யார் மறக்கப் போகிறார்கள்).

எண்பதுகளின் நடுவில் எனக்குச் சுகாதார வேலை கிடைத்தது. நரம்புச் சிலந்தி என்று ஒரு நோய் உண்டு. குடிக்கிற தண்ணீர் வழியாக உடம்புக்குள் போகும் புழு, வருடம் திரும்பும்போது நூல் மாதிரி காலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அந்தக் காலோடு படிக்கிணற்றில் இறங்கினால் புழு தண்ணீரில் குஞ்சு விடும். சைக்ளாப்ஸ் என்கிற ஒற்றைக்கண் பூச்சி அந்தக் குஞ்சைத் தின்னும். பூச்சியோடு தண்ணீரை நாம் குடிப்போம். எங்கள் பக்கம் நோய் கிட்டத்தட்ட ஒழிந்துவிட்டது. இருந்தாலும் கிணறு கிணறாகப் போய், பூச்சி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பார்ப்பதற்குத்தான் நான்.

என் ஆயுதம் ஒரு கூம்பு வலை. வாளி வாளியாகத் தண்ணீரை அதில் ஊற்றினால் பூச்சிகள் அடியில் தங்கும். அவற்றைச் சின்னப் பாட்டிலில் பிடித்து, ஸ்ரீவில்லிபுத்தூர் அலுவலகத்துக்குக் கொண்டுபோய் மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். அங்கே எனக்கு மேலதிகாரி ரெங்கநாதன் சார். நெற்றியில் திருமண், சட்டைப்பையில் லென்ஸ், இரண்டும் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்: "ஒரு கிணறு முடிஞ்சதும் வலையைக் கொதிச்ச தண்ணியில மூணு தரம் அலம்பணும். அப்புறம்தான் அடுத்த கிணறு." நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். பட்டம் வாங்கியவனுக்குப் பாத்திரம் கழுவவா சொல்லித்தர வேண்டும்?

அந்தச் சமயத்தில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. நான் ராஜபாளையம். பெண் தங்கம், சோழபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். பெண் பார்க்கப் போனபோது அவள் குனிந்த தலை நிமிரவில்லை, அதனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் வகிடு மட்டும். கல்யாணம்வரை மறுபடி பார்க்கவும் கூடாது. ஆனால் அந்த ஊர்ப் படிக்கிணறு என் பட்டியலில் இருந்தது. அடுத்த மாதம் போக வேண்டிய கிணறு. மக்கள் நலனை உத்தேசித்து, கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னதாகவே போய்விடுவது என்று முடிவெடுத்தேன்.

காலையில் தேவதானம் போகிற வழியில் ஓர் ஊருணியில் வலை போட்டேன். அல்லியும் பாசியுமாக மண்டிக் கிடந்த ஊருணி. அங்கிருந்து சைக்கிளை மிதித்து மாமனார் ஊர்க் கிணற்றடிக்கு வந்தேன். வலையை எடுத்து, கொதித்த தண்ணீர் பாட்டிலையும் கையில் எடுத்துவிட்டேன். சத்தியமாக எடுத்தேன். அப்போது இரண்டு பெண்கள் குடத்தோடு வந்தார்கள். ஒருத்தி என்னைப் பார்த்ததும் மற்றவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். "ஏட்டி, ஒம் மாப்ள! கிணத்துக்குள்ள எட்டிப் பாக்காரு!" என்று முன்னால் நின்றவள் ஊருக்கே கேட்கச் சொன்னாள். பின்னாலிருந்து ஒரு கண் மட்டும் என்னைப் பார்த்தது. அதற்குப் பிறகு கையிலிருந்த தண்ணீரை நான் என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். குடித்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

சாயங்காலம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவன் அலறிவிட்டேன். என் மாமனார் ஊர்க் கிணற்றில் சைக்ளாப்ஸ் திருவிழாக் கூட்டம். மருந்து தெளித்தால் போதும்தான். ஆனால் மருந்து அலமாரியின் சாவி ரெங்கநாதன் சாரிடம், அவரோ திருப்பதியில். என் கையில் இருந்த ஒரே அதிகாரம் ஒரு தகரப் பலகையும் சிவப்பு பெயிண்டும். "இக்கிணற்று நீரைப் பருகாதீர்" என்று எழுதி, மறுநாளே கொண்டுபோய்க் கிணற்றடியில் கட்டிவிட்டேன். சொந்தக் கல்யாணம் என்றும் பார்க்காமல் கடமையைச் செய்கிறோமே என்று எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

அன்றிலிருந்து அந்த ஊர்ப் பெண்கள் அரை மைல் தள்ளியிருந்த பம்புசெட்டுக்கு நடந்தார்கள். நடந்த தூரமெல்லாம் என்னை வாழ்த்தினார்கள். முதல் நாள், மாப்பிள்ளை மோட்டார் சைக்கிள் கேட்கிறார், அதற்குத்தான் கிணற்றை மூடினார் என்று பேச்சு. இரண்டாம் நாள், மாப்பிள்ளைக்கு வேறு பெண் இருக்கிறது என்று பேச்சு. மூன்றாம் நாள் மாமனார் சங்கரபாண்டியன் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். வயலே கதியென்று இருக்கிற, சத்தம் போட்டுப் பேசாத சம்சாரி. காபியைத் தொடவில்லை.

"மாப்ள, பொண்ணு புடிக்கலன்னா நேராச் சொல்லிருங்க. கிணத்து மேல எதுக்குப் பழியப் போடுதிய? எம்மவ மூணு நாளா சோறு திங்கல."

"மாமா, சத்தியமா அப்படியில்ல. பூச்சிய நான் கண்ணால பாத்தேன். தண்ணிய நாலா மடிச்ச துணில வடிகட்டுனாப் போதும், ஒண்ணும் ஆகாது."

"பலகையப் பாத்த சனம் பந்தில கை நனைக்குமா? நாளைக்கு வாற அம்புட்டுப் பேரும் எலய விட்டு எந்திரிச்சுட்டா நான் எங்க போயி மூஞ்சிய வைக்க?" சற்று யோசித்தார். "ஒண்ணு செய்யுங்க. நீங்களே நின்னு வடிகட்டிக் குடுங்க. பலகை வச்ச கையே வடிகட்டுனா சனம் நம்பும். இல்லன்னா கல்யாணமே வேண்டாம்."

பம்புசெட்டுத் தண்ணீர் வரும், தப்பித்துவிடலாம் என்று உள்ளூர ஒரு நம்பிக்கை. கல்யாணத்தன்று விடியும்போதே கரண்ட் போய்விட்டது.

ஆக, கையில் காப்புக் கட்டிய மாப்பிள்ளை, மணவறைக்குப் பதிலாகக் கோட்டை அடுப்புப் பக்கம் அண்டா முன்னால் நின்றேன். என் தாய்மாமன் ராஜபாளையத்திலிருந்து ஒரு சுருள் பேண்டேஜ் துணி கொண்டுவந்திருந்தார். சமையல்காரர் பிச்சையா அதை விரலால் தள்ளினார். "புண்ணுல கட்டுத துணில பாயாசத்துக்குத் தண்ணியா? நல்லாருக்கே நாயம்!" வேறு வழியில்லாமல் மாமனார் எனக்கென்று எடுத்த புது வேட்டியை மடித்து அண்டா வாயில் கட்டினோம். பெண்கள் கிணற்றிலிருந்து வரிசையாகக் குடம் கொண்டுவந்தார்கள். ஒவ்வொருத்தியும் ஊற்றிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இந்தக் குடத்துலயும் பூச்சி இருக்கா மாப்ள?" என்று கேட்காதவள் இல்லை. ஐயர் "மாப்பிள்ளையை அழைச்சிண்டு வாங்கோ" என்று கத்த, பிச்சையா "செத்த நேரம் பொறுங்க சாமி, சாம்பாருக்கு இன்னும் நாலு கொடம் கெடக்கு" என்று பதிலுக்குக் கத்தினார். நாலு குடமும் முடிந்த பிறகுதான் என்னை விட்டார்கள். இடுப்பில் தாய்மாமன் வேட்டி, அதுவும் முழங்கால்வரை ஈரம். அப்படித்தான் தாலி கட்டினேன்.

முடிச்சுப் போட்டு நிமிர்ந்தால், பந்தலில் ரெங்கநாதன் சார். ஒரு கையில் பால்கோவா, மறு கையில் நான் இந்தக் கிணற்றில் எடுத்த சாம்பிள் பாட்டில். திருப்பதியிலிருந்து திரும்பி, நேராக அலுவலகம் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

"கிணத்துல அல்லி உண்டோ?" என்று மாமனாரைக் கேட்டார்.

"கிணத்துல ஏது சாமி அல்லி?"

"இந்தப் பாட்டில்ல அல்லி வேர் கிடக்கு. ஊருணிப் பாசி கிடக்கு." என் பக்கம் திரும்பினார். "வலையை மூணு தரம் அலம்பினியா?"

நான் தாய்மாமன் வேட்டியின் ஈரத்தைப் பிழிய ஆரம்பித்தேன். அவர் தோள்பையில் கொண்டுவந்திருந்த சுத்தமான வலையில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றச் சொல்லி, லென்ஸால் பார்த்தார். "ஒரு பூச்சி இல்லை. தங்கமான கிணறு." அதோடு விட்டிருக்கலாம். அண்டாவில் கட்டியிருந்த வேட்டியைப் பார்த்துவிட்டார். "இது எதுக்கு?" சொன்னார்கள். "சாம்பார் கொதிக்கத்தானே போறது? கொதிச்சா எந்தப் பூச்சிடா உயிரோட இருக்கும்?"

பிச்சையா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் உறுத்துகிறது. எனக்கு அந்த இடத்திலேயே அந்தக் கிணற்றில் இறங்கிவிடலாம் போல இருந்தது. மாமனார் எழுந்து வந்தார். "ஏன் மாப்ள கழுவல?"

பொய் சொல்ல நேரமில்லை. "மாமா... வலையக் கழுவப் போகும்போது தங்கம் குடத்தோட வந்தா. பாத்துக்கிட்டே நின்னுட்டேன்."

மாமனார் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, சத்தமாகச் சொன்னார்: "எல்லாரும் கேட்டுக்கிடுங்க. பொண்ணு புடிக்காம இல்ல, புடிச்சுப்போயித்தான் கிணத்த மூடியிருக்காரு!" பந்தல் சிரிப்பில் ஆடியது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் என் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு தனியாகக் கேட்டது. தங்கத்தின் குரலை நான் முதல்முதலாகக் கேட்டது அப்படித்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஈர வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

அந்தப் புது வேட்டியை அப்புறம் நான் கட்டவே இல்லை. தங்கம் அதைச் சதுரம் சதுரமாக வெட்டி, எங்கள் வீட்டுத் தண்ணீர்ப் பானைக்கு வடிதுணியாக்கினாள். இன்றைக்கும் வீட்டில் நான் ஒரு டம்ளரைக் கழுவி வைத்தால், என் பேத்திவரை எல்லோரும் ஒரே குரலில் கேட்பார்கள்: "மூணு தரமா?"

போன மாதம் அப்படிக் கேட்டு எல்லோரும் சிரித்தபோது எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது. "அன்னைக்கு நீ குடத்தத் தூக்கிட்டு வராம இருந்திருந்தா நான் ஒழுங்கா கழுவியிருப்பேன்" என்றேன்.

தங்கம் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. "அன்னைக்கு எங்க வீட்டுல தொட்டி நெறயத் தண்ணி கெடந்துச்சு. நீங்க வந்திருக்கியன்னு கேள்விப்பட்டுத்தான் குடத்தத் தூக்குனேன். பாத்துக்கிட்டே நின்னுட்டு வெறுங்குடத்தோட வீட்டுக்குப் போயி எங்காத்தாகிட்ட ஏச்சு வாங்குனேன். உங்க சாருக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா எனக்கும் ஒரு மெமோ குடுத்திருப்பாரு."