மாஸ்டர் கேட்ட ஒரே கேள்வி

"உங்க பையன் எந்த ஸ்கூல்ல படிக்கிறான் மேடம்?"

இந்தக் கேள்வியை டிரைவிங் மாஸ்டர் கேட்டிருக்கவே வேண்டாம். அதுவரை எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மகள் நிறங்களைச் சரியாகச் சொல்லிவிட்டாள். பொம்மை வீட்டுக்குள் தலையை விட்டவள், யார் உதவியும் இல்லாமல் வெளியே எடுத்தும் காட்டிவிட்டாள். சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போட மனைவி பேனாவைத் திறந்துவிட்டாள்.

பச்சைக் கேட் பள்ளியின் தலைமையாசிரியை சிரித்த முகம் மாறாமல், "மணிக்கூண்டு ஸ்கூல்ல படிக்கிறான் சார்," என்றார்.

மாஸ்டர் எழுந்துவிட்டார்.

"ஏன், இந்த ஸ்கூலுக்கு என்ன குறைச்சல்?"

"ஒரு குறைச்சலும் இல்ல. சொந்த அம்மாவே டீச்சரா இருந்தா..."

"சமைச்சவங்களே சாப்பிட மாட்டாங்களாம், என் பொண்ணு தட்டுல மட்டும் போடுவாங்களாம். நல்லா இருக்கே நியாயம்."

"ஒரே ஒரு சீட்தான் பாக்கி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேட்டை மூடறதோட அட்மிஷன் முடியுது. யோசிச்சுச் சொல்லுங்க," என்றார் தலைமையாசிரியை, மாஸ்டரின் மனைவியைப் பார்த்து. இந்த வீட்டில் யோசிப்பது யார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

வண்டியில் ஏறியும் மாஸ்டருக்கு ஆறவில்லை. கோபத்தில் வண்டியைப் பின்னால் எடுத்தார்.

"இடது பக்கம் கம்பம் இருக்கு. கண்ணாடியைப் பார்த்து எடுங்க," என்றாள் மனைவி.

"எனக்கே பாடமா? என்கிட்ட கத்துக்க ஸ்டியரிங் பிடிச்ச ரெண்டாம் நாளே வண்டியை நடுரோட்டுல விட்டுட்டு நடந்து வீட்டுக்குப் போனவ நீ."

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவள் வண்டி கற்றுக்கொள்ளும் பேச்சையே எடுப்பதில்லை. தினமும் காலையில் மகளையும் அழைத்துக்கொண்டு நடைப்பயிற்சிக்குப் போவதோடு சரி.

மாஸ்டர் கெட்டவர் அல்ல. மகள் நல்ல இடத்தில் படிக்க வேண்டும் என்பதற்காக எதையும் விட்டுக்கொடுப்பார், வாயைத் தவிர. அவருடைய டிரைவிங் ஸ்கூலின் சிவப்பு போர்டு வைத்த வண்டி தெருமுனைக்கு வருவதற்கு முன்பே அவர் குரல் வந்துவிடும். மூன்று மாதங்களுக்கு முன் சாலைக்கு எதிர்ப்பக்கம் ஒருவர் மஞ்சள் போர்டோடு புதிதாக டிரைவிங் ஸ்கூல் திறந்திருந்தார். மெதுவாகப் பேசுகிறவர் என்று கேள்வி. அதையும் மாஸ்டரால் தாங்க முடியவில்லை.

மற்ற பள்ளிகளிலும் இதே கேள்வியைக் கேட்டுவிட்டு வரத் தனியாக நேரம் ஏது? அதனால் டிரைவிங் பாட நேரத்திலேயே போவது என்று முடிவு செய்தார். மாட்டிக்கொண்டவர் தையல்காரம்மா. ஊரின் மறுகோடியில் தையல் கடை வைத்திருப்பவர். அங்கிருந்து தேடி வந்து மாஸ்டரிடம் சேர்ந்தவர், பாடத்துக்குக் கடை வாசலிலேயே வந்து ஏற்றிக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

"மணிக்கூண்டு ஸ்கூலுக்கு விடுங்க. கிளட்ச். கிளட்ச்சுன்னு சொன்னேன், அது பிரேக். காலா இல்ல கட்டையா அது?"

தையல்காரம்மா அசரவில்லை. நிதானமாகக் காலை மாற்றினார்.

மாஸ்டருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "நான் இவ்வளவு கத்தறேன், உங்களுக்குக் கோபமே வரலியா?"

"வெளியாளு திட்டினா காதோட போயிடும் மாஸ்டர். வீட்டாளு திட்டினாத்தான் உள்ள போய்த் தைக்கும். எங்க வீட்டுக்காரருக்கும் வண்டின்னா அத்துப்படி. ஊருக்கெல்லாம் தேனாப் பேசுவாரு. பக்கத்துல நான் உட்கார்ந்தா மட்டும் நாக்குல தேள் வந்து உட்கார்ந்துக்கும். ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே நின்னுபோச்சு. அதான் அவருக்குச் சொல்லாம இங்க வந்துட்டேன்."

"சொந்தப் பொண்டாட்டிக்குச் சொல்லிக்குடுக்கத் தெரியாதவனெல்லாம் ஒரு ஆளா?" என்றார் மாஸ்டர். "கியரை மாத்துங்க."

மணிக்கூண்டுப் பள்ளியில் பெற்றோர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டர் சேர்க்கை பற்றியெல்லாம் கேட்கவில்லை. நேராகத் தன் கேள்விக்குப் போனார். அங்கிருந்த தலைமையாசிரியர் வெள்ளந்தியாகப் பதில் சொல்லிவிட்டார். அவருடைய இரட்டைப் பெண்கள் படிப்பது பாலத்துப் பள்ளியில்.

"கேட்டுக்கிட்டீங்களா?" என்று மாஸ்டர் வரிசையைப் பார்த்துத் திரும்பினார். "இவர் பெத்ததுக்கு லாயக்கில்லாத ஸ்கூல் நாம பெத்ததுக்குப் போதுமாம்."

வரிசையில் இரண்டு பேர் எழுந்து வெளியே நடந்தார்கள். மூன்றாமவர் எழுந்திருக்கலாமா என்று தன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். தலைமையாசிரியர் டெலிபோனைக் கையில் எடுத்தார்.

யாருக்குப் போன் செய்தார் என்பது வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு பாலத்துப் பள்ளி வாசலில் தெரிந்தது. காவலாளி கேட்டைத் திறக்காமல் மாஸ்டரை மேலும் கீழும் பார்த்தார்.

"கேள்வி கேக்கற டிரைவிங் மாஸ்டர் நீங்கதானே? உங்களை உள்ள விடக் கூடாதுன்னு உத்தரவு."

"உள்ள வரலய்யா. ஒண்ணே ஒண்ணு சொல்லு. உங்க ஹெட்மிஸ்ட்ரஸ் பிள்ளை எங்க படிக்குது?"

"பச்சைக் கேட் ஸ்கூல்ல," என்றார் காவலாளி. "ரொம்ப நல்ல ஸ்கூல்னு ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவே சொல்லுவாங்க."

மாஸ்டர், தையல்காரம்மா உட்கார்ந்திருந்த வண்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். சுத்திச் சுத்தி சுப்பர் கொல்லை, புறப்பட்ட இடத்துக்கே திரும்புவது என்பது இதுதான். இரண்டு பள்ளிகளில் பெயரைக் கெடுத்துக்கொண்டாயிற்று. மிச்சமிருக்கும் பச்சைக் கேட்டில் ஒரு சீட் இருக்கிறது, அதுவும் கேட் மூடும் வரைதான். மகளை இந்த வருடம் வீட்டிலேயே உட்காரவைக்க வேண்டிவருமோ? மனைவிக்குப் போன் செய்தார். மணி அடித்ததே தவிர அவள் எடுக்கவில்லை.

"பச்சைக் கேட்டுக்கு விடுங்க. சீக்கிரம்."

சீக்கிரம் என்ற சொல்லைக் கேட்டாலே தையல்காரம்மாவுக்கு வண்டி நின்றுவிடும். சிக்னலில் நின்றது. பாலத்து ஏற்றத்தில் நின்றது, நின்றதோடு பின்னாலும் கொஞ்சம் வந்தது. பின்னால் இருந்த வண்டிகளெல்லாம் சேர்ந்து ஹாரன் அடித்தன. அந்தச் சத்தத்துக்கு மேல் மாஸ்டரின் சத்தம் கேட்டது. தையல்காரம்மா ஊசியில் நூல் கோக்கிற முகத்தோடு மறுபடி மறுபடி சாவியைத் திருப்பினார்.

ஒருவழியாகப் பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது காவலாளி பச்சைக் கேட்டின் ஒரு கதவைச் சாத்திவிட்டு மறுகதவில் கை வைத்திருந்தார். வாசலில் இரண்டு வேன்களுக்கு நடுவே ஒரே ஒரு சந்து. தையல்காரம்மா அதை நோக்கி இரண்டு தடவை போய் இரண்டு தடவையும் வேனைத் தொட்டுப் பார்க்க இருந்தார்.

மூன்றாவது தடவைக்குள் மஞ்சள் போர்டு வைத்த வண்டி ஒன்று முன்னால் வந்து நின்றது. நின்ற வேகத்தில் பின்னால் வழுக்கிக்கொண்டு போய்ச் சந்துக்குள் பொருந்தி உட்கார்ந்தது. ஒரு வெட்டு இல்லை, ஒரு குலுக்கல் இல்லை.

மாஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் தொழில் தெரிந்தவர்.

"பார்த்தீங்களா? எதிர்க்கடைக்காரன் ஆளுதான், இருந்தாலும் சொல்றேன். இதுக்குப் பேருதான் ரிவர்ஸ். கத்துக்கிட்டா இப்படிக் கத்துக்கணும்."

மஞ்சள் போர்டைப் பார்த்ததிலிருந்து தையல்காரம்மா சீட்டில் சரிந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே எதையோ தேடுகிறவர் போல இருந்தார்.

மஞ்சள் போர்டு வண்டியின் ஓட்டுநர் பக்கத்துக் கதவு திறந்தது. இறங்கியவள் மாஸ்டரின் மனைவி.

மாஸ்டர் தானும் இறங்கினார்.

"உங்க கேள்வியெல்லாம் முடியட்டும்னு காத்திருந்தா இவ இந்த வருஷம் வீட்லதான்," என்றாள் மனைவி. பின் சீட்டிலிருந்து மகளை இறக்கினாள். "நான் போய்ச் சேர்த்துட்டு வரேன்."

"அப்பா, இந்த மாமா திட்டவே மாட்டாரு," என்றாள் மகள் போகிற போக்கில், மஞ்சள் போர்டு வண்டியின் பக்கத்து சீட்டில் இருந்தவரைக் காட்டி. "அம்மா இப்பல்லாம் அழறதே இல்ல."

இருவரும் உள்ளே போனார்கள். கேட் சாத்திக்கொண்டது. மாஸ்டருக்கு எங்கேயோ வலித்தது. வலித்த இடத்தைப் பார்க்க அவருக்கு இஷ்டமில்லை, அதனால் எதிரில் இருந்தவரைப் பார்த்தார். எதிர்க்கடைக்காரர் வண்டியிலிருந்து இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு பணிவாக நின்றுகொண்டிருந்தார்.

"டிரைவிங் ஸ்கூல் நடத்தறவன் பொண்டாட்டி எதிர்க்கடையில போய்க் கத்துக்கிட்டான்னு தெரிஞ்சா ஊரே சிரிக்காதாய்யா?"

"கோவிச்சுக்காதீங்க மாஸ்டர். அவங்கதான் சொல்ல வேண்டாம்னாங்க. ரொம்ப நல்லா ஓட்டறாங்க."

"ஓட்டட்டும். உன் பொண்டாட்டி இதே மாதிரி உனக்குத் தெரியாம என்கிட்ட வந்து உட்கார்ந்தா உனக்கு எப்படி இருக்கும்? அதைச் சொல்லு முதல்ல."

"என் சம்சாரம் அப்படியெல்லாம் பண்ண மாட்டா மாஸ்டர்," என்றார் எதிர்க்கடைக்காரர், அதே தேன் குரலில்.

சிவப்பு போர்டு வண்டியின் கண்ணாடி மெதுவாகக் கீழே இறங்கியது. ஸ்டியரிங்குக்கு மேலே ஒரு தலை வந்தது.

"மாஸ்டர்," என்றார் தையல்காரம்மா, "இவர்தான் எங்க வீட்டுக்காரர்."